சுவர் வியர்க்கிறதா? வாடகை வீட்டில் பூஞ்சை ஏன் வருகிறது, செலவு யார் தலையில்?

தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டு மூன்று வாரம் கழித்து உட்லண்ட்ஸுக்குத் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அறைக் கதவைத் திறந்ததும் ஒரு வாடை. ஈர மண்ணும் பழைய புத்தகமும் சேர்ந்த மாதிரி. அலமாரியைத் திறந்தால் தோல் பெல்ட்டின் மேல் மாவு தூவினாற்போல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. கட்டிலுக்குப் பின்னால் சுவரில் கறுப்புப் புள்ளிகள். படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்புகிறீர்கள். பதில் உடனே வருகிறது: "நீங்க ஜன்னலைத் திறக்கிறதே இல்ல. அதான்."

அவர் சொல்வது சரியா? பாதி சரி. மீதிப் பாதிதான் சிக்கல்.

இரண்டு ஆண்டு ஒப்பந்தம் என்றால் வழக்கமாக இரண்டு மாத வாடகையை டெபாசிட்டாகக் கொடுத்திருப்பீர்கள். வீட்டைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அந்தக் கறுப்புப் புள்ளிகளைக் காட்டி அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ள முடியும். ஆகவே ஈரம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது வீட்டுச் சுத்தத்துக்காக மட்டும் அல்ல, உங்கள் காசுக்காகவும்தான்.

தே பெங் கப்பும் உங்கள் படுக்கையறையும்

காப்பிக்கடையில் ஒரு தே பெங் வாங்கி மேசையில் வையுங்கள். இரண்டு நிமிடத்தில் கப்பின் வெளிப்பக்கம் முழுக்கத் தண்ணீர். கப் ஒழுகவில்லை. காற்றில் ஆவியாக இருந்த தண்ணீர்தான் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் துளியாக மாறி ஒட்டிக்கொண்டது. இட்லிப் பானையின் மூடியைத் திறந்தால் உட்பக்கத்திலிருந்து சொட்டுமே, அதே கதைதான்.

எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் ஒரு பரப்பு இப்படி வியர்க்கும் என்பதைப் பாடப்புத்தகம் பனிநிலை என்று சொல்லும். சிங்கப்பூரில் அது எவ்வளவு என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 84 விழுக்காடு என்பது நமக்கு ரொம்பச் சாதாரணமான ஓர் இரவு. அந்தக் காற்றின் பனிநிலை 25 டிகிரி. அதாவது, வெளிக்காற்று வந்து படும் எந்தச் சுவரும், எந்தக் கண்ணாடியும், எந்தக் குழாயும் 25 டிகிரிக்குக் கீழே இருந்தால் அதன் மேல் தண்ணீர் படியும். உங்கள் ஏர்கான் ரிமோட் இப்போது எத்தனையில் இருக்கிறது?

இன்னொரு கணக்கும் பாருங்கள். 3 மீட்டர் அகலம், மூன்றரை மீட்டர் நீளம், 2.6 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையில் அந்த வெளிக்காற்று நிறைந்திருந்தால் அதில் 600 கிராமுக்கும் மேல் தண்ணீர் ஆவியாக மிதக்கிறது. அதே அறையை 22 டிகிரிக்குக் குளிரவைத்தால் காற்றால் தாங்க முடிவது அதிகபட்சம் 530 கிராம். மிச்சம் எங்காவது போயாக வேண்டும். ஏர்கான் ஓடும்போது அது குழாய் வழியாக வெளியே சொட்டுகிறது. ஜன்னலோ கதவோ திறந்தபடி ஏர்கான் ஓடினால் புது ஈரம் வந்துகொண்டே இருக்கும்; ஏர்கான் இழுத்து முடிக்காததைச் சுவர் வாங்கிக்கொள்ளும்.

பூஞ்சைக்கு வேண்டியது அதிகம் இல்லை. அதன் வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன, அவற்றைத் தடுக்க முடியாது. சாப்பாடு? தூசி, பெயின்ட், பலகை, துணி, தோல் எல்லாமே அதற்குச் சாப்பாடு. குறைவது ஈரம் ஒன்றுதான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வராது. அறையின் ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருந்தால் அது வளரத் திணறும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரியோ 80க்கும் மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். மழை இல்லாத பிற்பகலில்தான் 60 பக்கம் இறங்கும். தட்டில் வைத்த முறுக்கு ஒரு மணி நேரத்தில் நமுத்துப் போகிறது என்றால் உங்கள் அறை எந்த நிலையில் இருக்கிறது என்று கருவி இல்லாமலே தெரிந்துகொள்ளலாம். கருவி வேண்டும் என்றால் ஈரப்பதமானி சில வெள்ளிக்கே கிடைக்கிறது. ஒன்று வாங்கிக் கட்டில் பக்கத்தில் வையுங்கள்.

லண்டன் அறிவுரை உட்லண்ட்ஸுக்கு ஆகாது

இணையத்தில் தேடினால் வரும் அறிவுரைகளில் நிறைய பிரிட்டனிலிருந்தோ வட அமெரிக்காவிலிருந்தோ வருபவை. "ஜன்னலைத் திற, வீட்டைச் சூடாக்கு" என்பார்கள். அங்கே அது சரி. குளிர்காலத்தில் வெளிக்காற்று சில்லென்று இருக்கும். சில்லென்ற காற்றில் தண்ணீர் குறைவு. அதை உள்ளே விட்டுச் சூடாக்கினால் வறண்ட காற்றாகிவிடும். சுவர் குளிர்வது வெளியிலிருந்து. ஈரம் வருவது உள்ளே இருக்கும் சமையல், குளியல், மூச்சிலிருந்து.

இங்கே எல்லாம் தலைகீழ். ஈரம் வெளியே இருக்கிறது, குளிர் உள்ளே இருக்கிறது. வீட்டுக்காரர் சொன்ன "ஜன்னலைத் திற" ஓர் அறைக்கு மருந்து, இன்னோர் அறைக்கு நோய்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஏர்கான் இல்லாத அறை, சமையலறை, குளியலறை இவற்றில் சுவரும் வெளிக்காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். அங்கே ஜன்னலைத் திறப்பதால் சுவர் வியர்க்காது. சமைத்த ஆவியும் குளித்த ஆவியும்தான் வெளியே போகும். கழக வீடுகள் பலவும் காற்று ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போகும்படி கட்டப்பட்டவை. முன் கதவையும் பின்பக்க ஜன்னலையும் பிற்பகலில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தாலே பலன் தெரியும். ஏர்கான் போடும் அறை அப்படி அல்ல. அது குளிர்ந்திருக்கும் வரை மூடியிருக்க வேண்டும். சுருக்கமாக, குளிராத அறையைத் திற, குளிர்ந்த அறையை மூடு.

காலையில் எழுந்து ஏர்கானை அணைத்த கையோடு "கொஞ்சம் காத்து வரட்டும்" என்று ஜன்னலைத் திறக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் நேரம் தப்பு. சுவர், கண்ணாடி, அலமாரிக் கதவு எல்லாம் அப்போது குளிர்ந்து கிடக்கின்றன. வெளிக்காற்றோ நாளிலேயே அதிக ஈரப்பதத்தில் இருக்கிறது. கண்ணாடி மங்குவது கண்ணுக்குத் தெரியும். அலமாரிக்குப் பின்னால் சுவர் நனைவது தெரியாது. ஏர்கானை அணைத்தபின் மின்விசிறியை ஓடவிட்டு, அறை பழைய சூட்டுக்கு வந்த பிறகு, பத்துப் பதினோரு மணிக்கு மேல் திறங்கள். வேலைக்குப் போய்விடுவீர்கள் என்றால் அறைக் கதவை மட்டும் கூடத்துக்குத் திறந்து வைத்து, மாலையில் வந்து ஜன்னலைத் திறந்தாலும் போதும்.

ஒன்பது மணிக்கு ஆன், ஏழு மணிக்கு ஆஃப்

உட்லண்ட்ஸில் அறை வாடகைக்குத் தேடியவர்களுக்கு இந்த நிபந்தனை பழக்கம்: "ஏர்கான் இரவு ஒன்பதிலிருந்து காலை ஏழு வரைக்கும்தான்." மின்கட்டணம் வாடகையில் சேர்ந்திருப்பதால் வீட்டுக்காரர் அப்படிக் கட்டுப்படுத்துகிறார். பதிலுக்கு வாடகைக்கு இருப்பவர் என்ன செய்கிறார்? கொடுத்த காசுக்குப் பலன் வேண்டுமே என்று ஒன்பது மணிக்கே 18 டிகிரியில் வைத்துவிடுகிறார். பத்து மணி நேரம் 18இல் ஓடினால் கான்கிரீட் சுவரே குளிர்ந்துபோகும். ஏழு மணிக்கு அணைத்ததும் அந்தக் குளிர்ந்த சுவர்மேல் ஈரக்காற்று வந்து படிகிறது. நேரக் கட்டுப்பாடும் அதற்கு நாம் கொடுக்கும் பதிலும் சேர்ந்துதான் பூஞ்சையை வளர்க்கின்றன.

தேசியச் சுற்றுப்புற வாரியம் மின்சாரத்தைச் சேமிக்க 25 டிகிரி அல்லது அதற்கு மேல் வைக்கச் சொல்கிறது. மேலே பார்த்த பனிநிலைக் கணக்கை நினைத்துப் பாருங்கள்: சுவர் வியர்க்காமல் இருக்கவும் ஏறக்குறைய அதே எண்தான். 25இல் ஏர்கான், கூடவே மெதுவாகச் சுற்றும் மின்விசிறி என்றால் உடம்புக்கு 23 மாதிரிதான் இருக்கும். புழுக்கமாகத் தோன்றும் மழை இரவுகளில் ரிமோட்டில் நீர்த்துளிச் சின்னம் போட்ட முறையை முயன்று பாருங்கள். அது குளிரைவிட ஈரத்தை எடுப்பதில் கவனம் வைக்கும். சில ஏர்கான்களில் 'ஆட்டோ' போட்டால் கம்ப்ரஸர் நின்ற பிறகும் காற்றாடி ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே சுருளில் நின்ற தண்ணீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும். ஈரப்பதமானியில் எண் ஏறி இறங்கி ஏறினால் அதுதான் காரணமாக இருக்கலாம்.

சின்ன அறைக்குப் பெரிய ஏர்கான் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அது தொல்லை. அறை ஐந்து நிமிடத்தில் குளிர்ந்துவிடும், கம்ப்ரஸர் நின்றுவிடும், ஆனால் ஈரத்தை இழுக்க நேரம் கிடைத்திருக்காது. சில்லென்று இருக்கும், போர்வை மட்டும் நச நசவென்று இருக்கும்.

ஏர்கானே ஈரத்துக்குக் காரணமாவதும் உண்டு. உள்ளே தண்ணீர் சேரும் தட்டும் அதிலிருந்து போகும் குழாயும் அழுக்குப் பசையால் அடைத்தால் தண்ணீர் சுவர் வழியே இறங்கும். குளிர்ந்த செம்புக் குழாய்களைச் சுற்றியுள்ள நுரை உறை மெலிதாகவோ கிழிந்தோ இருந்தால் குழாய் தே பெங் கப் மாதிரி வியர்த்து, மேலே மூடியிருக்கும் பிளாஸ்டிக் ட்ரங்கிங்கின் இடுக்கிலிருந்து சொட்டும். தெங்காவின் புது வீடுகளில் குளிர்சாதனக் குழாய் உறையில் தண்ணீர் சேர்வதாகக் குடியிருப்பாளர்கள் சொன்னது 2024இல் செய்திகளில் அடிபட்டது. அதுவும் இந்த வகைச் சிக்கல்தான். ட்ரங்கிங் ஓரமாகக் கோடு போட்டதுபோல் பூஞ்சை வந்தால், அது நீங்கள் ஜன்னல் திறந்ததாலோ திறக்காததாலோ வந்தது இல்லை. சர்வீஸ் செய்ய வருபவரிடம் உறையைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் படம் எடுத்து வையுங்கள்.

கசிவா, வியர்வையா? ஒரு அலுமினியத் தாள் போதும்

வீட்டுக்காரருடன் பேசுவதற்கு முன் இதை முடிவு செய்துகொள்ள வேண்டும். ஏனென்றால் வியர்வை என்றால் பெரும்பாலும் வசிப்பவர் பழக்கம். கசிவு என்றால் கட்டடத்தின் குறை.

ஓரங்களில் பழுப்பு வளையத்தோடு ஒரே இடத்தில் கறை, மழைக்குப் பிறகோ மேல் வீட்டில் குளித்த பிறகோ அது கூடுவது, பெயின்ட் கொப்புளம் விடுவது இவையெல்லாம் கசிவின் அடையாளம். பரவலான கறுப்புப் புள்ளிகள், சுவர் மூலை, அலமாரிக்குப் பின்புறம், ஏர்கான் காற்று நேராக அடிக்கும் இடம் என்றால் வியர்வை. சந்தேகமாக இருந்தால் சமையலறை அலுமினியத் தாளில் ஒரு கையகலம் வெட்டி, அந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்து, நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டிவிடுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரமாக இருந்தால் அறைக் காற்றிலிருந்து வந்த ஈரம். உரித்தபோது உட்பக்கம் ஈரமாக இருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. உரிக்கும்போது வீடியோ எடுக்க மறக்காதீர்கள்.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. இது யாருக்கும் எளிதில் தோன்றாது. உங்கள் அறையில் ஏர்கானே இல்லை, கசிவும் இல்லை, ஆனால் ஒரே ஒரு சுவரில் அல்லது கூரையில் மட்டும் பூஞ்சை. அந்தச் சுவருக்கு மறுபக்கம் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறை, அல்லது மேல் வீட்டுப் படுக்கையறை. அவர் இரவெல்லாம் 18இல் வைத்துத் தூங்குகிறார். பொதுச்சுவர் குளிர்கிறது, உங்கள் பக்கத்து வெதுவெதுப்பான ஈரக்காற்று அதன் மேல் படிகிறது. காலையில் கையை வைத்துப் பாருங்கள், மற்ற சுவர்களைவிடச் சில்லென்று இருக்கும். இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சுவரை ஒட்டி எதையும் வைக்காமல் மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுவதுதான் வழி. முடிந்தால் பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். அவர் மின்கட்டணமும் குறையும்.

மேல் வீட்டுக் குளியலறையிலிருந்து உங்கள் கூரையில் கசிகிறது என்றால் கழக வீடுகளில் அது மேல், கீழ் இரண்டு வீட்டு உரிமையாளர்களின் கூட்டுப் பொறுப்பு. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் நல்லெண்ணப் பழுதுபார்ப்பு உதவித் திட்டத்தில் செலவில் பாதியைக் கழகம் ஏற்கும்; மீதியை இரு உரிமையாளர்களும் பகிர்ந்துகொள்வார்கள். கவனியுங்கள்: உரிமையாளர்கள். வாடகைக்கு இருப்பவர் அந்தக் கணக்கில் இல்லை. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் உரிமையாளர் என்பதால் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டியது உங்கள் வேலை.

அலமாரியும் மெத்தையும் அந்துருண்டையும்

அலமாரி, கட்டில் தலைப்பலகை இவற்றைச் சுவரிலிருந்து நான்கு விரல் அளவாவது நகர்த்துங்கள். காற்று புகுந்தால் சுவர் காயும். பகலில் அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள். துணியை அடைத்துத் திணிக்காதீர்கள். வேலை முடிந்து கழற்றிய வியர்த்த சட்டையை நேராக உள்ளே தொங்கவிடுவது பூஞ்சைக்கு விருந்து வைப்பதற்குச் சமம்.

கட்டில் இல்லாமல் மெத்தையைத் தரையில் போட்டுத் தூங்கும் நண்பர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே உடம்புச் சூடும் வியர்வையும், கீழே குளிர்ந்த தரை ஓடும். ஈரம் மெத்தை வழியாக இறங்கி அடியில் தங்கிவிடும். ஒரு மாதம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் அதிர்ச்சியாக இருக்கும். காலையில் எழுந்ததும் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். அல்லது இடைவெளி விட்ட பலகைச் சட்டம் ஒன்று வாங்கி அதன் மேல் போடுங்கள்.

துணி துவைத்தால் ஒரு சுமையில் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் தங்கியிருக்கும். மழை நாளில் அதைப் படுக்கையறையில் காயப்போட்டால் அந்த இரண்டு லிட்டரும் உங்கள் அறையில்தான். சமையலறைக்குப் பின்னால் உள்ள துணி காயவைக்கும் இடத்தில் ஜன்னலைத் திறந்து, மின்விசிறி வைத்துக் காயவையுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழையில் இது ரொம்ப முக்கியம்.

பட்டுப்புடவைக்கு நடுவில் அந்துருண்டை வைப்பது அம்மாக்களின் பழக்கம். அது பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு ஒன்றும் செய்யாது. சாம்பிராணி போட்டால் வாடை மாறும், ஈரம் மாறாது. கடைகளில் விற்கும் தர்ஸ்டி ஹிப்போ போன்ற டப்பாக்களில் இருப்பது கால்சியம் குளோரைடு. அது மூடிய அலமாரிக்குள் நன்றாக வேலை செய்யும். முழு அறைக்கும் போதாது. நிரம்பியதும் மாற்றாவிட்டால் கவிழ்ந்து, உப்புத் தண்ணீர் துணியில் கொட்டிவிடும். முழு அறைக்கும் வேண்டும் என்றால் ஈரம் நீக்கும் கருவி வாங்கலாம். நம் ஊர்ச் சூட்டுக்குக் கம்ப்ரஸர் வகைதான் சிக்கனம். 250 வாட் கருவி ஆறு மணி நேரம் ஓடினால் ஒன்றரை யூனிட். ஒரு யூனிட் 30 காசு என்று வைத்தால் நாளுக்கு 45 காசு. மின்கட்டணம் வாடகையில் சேர்ந்திருந்தால் வாங்குவதற்கு முன் வீட்டுக்காரரைக் கேட்டுவிடுங்கள்.

1990களின் கடைசியிலிருந்து கட்டப்பட்ட கழக வீடுகளில் வீட்டுக்குள்ளேயே ஒரு பாதுகாப்பு அறை இருக்கும். நம்மில் பெரும்பாலோர் அதை ஸ்டோர் ரூமாக வைத்திருக்கிறோம். தடித்த கான்கிரீட் சுவர், கனமான இரும்புக் கதவு, ஜன்னல் இல்லை. பெட்டி, புத்தகம், கொலுப் பொம்மை எல்லாவற்றையும் அதில் அடுக்கிக் கதவைச் சாத்தினால் நமுத்துத்தான் போகும். காற்றுத் துளைகளை மறைக்காமல் அடுக்குங்கள், கதவை அவ்வப்போது திறந்து வையுங்கள்.

அட்டை, பலகை அடித்துப் பிரித்த ஜன்னலில்லா அறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளில் நடுவில் முற்றம் போன்ற திறப்பு இருக்கும். காற்றும் வெளிச்சமும் அதன் வழியே எல்லா அறைக்கும் போகும். கட்டியவர்களுக்குத் தெரிந்துதான் கட்டினார்கள். அந்தத் திறப்பை அடைத்து அறை பிரித்தால் காற்றுக்கு வழியே இல்லை. வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும், பார்க்கப் போகும்போது முதலில் மூக்கைப் பயன்படுத்துங்கள். புது பெயின்ட் வாசனையும் ஈர வாடையும் சேர்ந்து வந்தால் யோசியுங்கள்.

வந்துவிட்டால் என்ன செய்வது?

கறுப்பு நிறம் என்றால் விஷம், வெள்ளை என்றால் பரவாயில்லை என்பது சரியல்ல. நிறத்தை வைத்து ஆபத்தைச் சொல்ல முடியாது. ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இருமல், மூச்சிரைப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வீட்டில் குழந்தையோ ஆஸ்துமா உள்ளவரோ இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அறையில் இருக்கும்போது இருமல், வெளியே போனால் சரியாகிறது என்றால் மருத்துவரிடம் அதைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். முதலில் படம். பிறகு என்95 முகக்கவசம், கையுறை. உலர்ந்த துணியாலோ பிரஷ்ஷாலோ தேய்க்காதீர்கள். வித்துகள் அறை முழுக்கப் பறக்கும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். குளியலறை ஓடு மாதிரி வழவழப்பான பரப்பில் ஒரு பங்கு பிளீச்சுக்குப் பதினாறு பங்கு தண்ணீர் கலந்து தடவலாம். பிளீச்சோடு வினிகரையோ, அம்மோனியா உள்ள கழுவு திரவத்தையோ ஒருபோதும் சேர்க்கக்கூடாது. நச்சு வாயு வரும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். துடைத்த பிறகு மின்விசிறி போட்டு நன்றாகக் காயவைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் துடைத்ததே வீண்.

பூஞ்சை மேல் அப்படியே பெயின்ட் அடிப்பது சில வாரத்துக்கு மட்டும் கண்ணுக்கு நல்லது. பூஞ்சை எதிர்ப்பு பெயின்ட் நல்லதுதான், ஆனால் சுத்தம் செய்து காய்ந்த சுவரில். அதற்கும் வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும். கேட்காமல் நிறம் மாற்றினால் அதற்கே டெபாசிட் போகும்.

செலவு யார் தலையில்?

பிரிட்டனில் 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. வாடகை வீட்டில் நெடுநாள் பூஞ்சையோடு வாழ்ந்ததால் வந்த சுவாசக் கோளாறுதான் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு செய்தது. பெற்றோர் பல முறை முறையிட்டிருந்தார்கள். வாழ்க்கை முறைதான் காரணம் என்று பழி அவர்கள் மேலேயே திரும்பியிருந்தது. அதன் பிறகு வந்த அவாப் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளுக்கு நடப்புக்கு வந்துள்ளது. அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை, கடுமையான ஈரம், பூஞ்சை என்றால் 10 வேலை நாளில் விசாரணை.

சிங்கப்பூரில் தனியார் வாடகைக்கு அப்படிக் கெடு விதிக்கும் சட்டம் இல்லை. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும். அதனால் கையெழுத்துப் போடும் முன் சில வரிகளைத் தேடிப் படியுங்கள். பல ஒப்பந்தங்களில் முதல் 30 நாள் குறை சரிசெய்யும் காலம். அதற்குள் சொன்னால் செலவு உரிமையாளருடையது. பூஞ்சைப் புள்ளி ஒன்று தெரிந்தாலும் அந்த 30 நாளுக்குள் சொல்லிவிடுங்கள். சின்னப் பழுதுக்கு நீங்கள் இவ்வளவு வெள்ளி வரை, அதற்கு மேல் அவர் என்று ஒரு வரம்பு இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஏர்கான் சர்வீஸ் உங்கள் செலவு என்று பெரும்பாலும் இருக்கும். அந்த ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். ஏர்கான் தண்ணீரால் சுவர் கெட்டது என்று சச்சரவு வந்தால் உங்களிடம் இருக்கும் ஒரே பதில் அந்தக் காகிதம்தான். வழக்கமான தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை என்ற வரியும் இருக்கிறதா என்று பாருங்கள். சொத்து முகவைகள் மன்றத்தின் இணையத்தளத்தில் மாதிரி ஒப்பந்தம் இருக்கிறது. ஏஜண்ட் நீட்டும் தாளோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

பேச்சை எழுத்தில் வையுங்கள். "அங்கிள், சுவர்ல பூஞ்சை வந்திருக்கு" என்று போனில் சொன்னது ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது. தேதியோடு படம், எங்கே, எவ்வளவு அகலம், அலுமினியத் தாள் சோதனையின் முடிவு, நீங்கள் என்ன செய்தீர்கள், அவர் என்ன செய்ய வேண்டும். இவ்வளவும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அடங்கும். சண்டை போடும் தொனி வேண்டாம். அவருடைய சுவர், அவருக்கும் அக்கறை இருக்கும்.

பேசித் தீரவில்லை என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களில் எழும் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. சிக்கல் எழுந்த இரண்டு ஆண்டுக்குள் இணையம் வழியே தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்து வைத்திருக்க வேண்டும்: ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை. கையெழுத்திட்ட 14 நாளுக்குள் கட்ட வேண்டிய அதை வாடகைக்கு வருபவர்தான் வழக்கமாகக் கட்டுவார். நான்கு ஆண்டு வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. சின்னத் தொகை என்று விட்டுவிட்டால் அந்த ஒப்பந்தத்தை ஆதாரமாகக் காட்டுவதில் சிக்கல் வரும்.

மறுபடி அந்தத் தீபாவளிப் பயணத்துக்கு வருவோம். விமானம் ஏறும் முந்தின நாள் ஈரத் துணி எதுவும் அறையில் இருக்கக் கூடாது. அலமாரிக் கதவையும் இழுப்பறைகளையும் திறந்து வையுங்கள். ஈரம் உறிஞ்சும் டப்பாவைப் புதிதாக மாற்றுங்கள். மெத்தையைச் சாய்த்து நிறுத்துங்கள். தோல் செருப்பு, பெல்ட், பாஸ்போர்ட் நகல்கள், சான்றிதழ்கள் இவற்றைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். கூட இருப்பவரிடம் வாரம் இரண்டு முறை பிற்பகலில் அறைக் கதவைத் திறந்து மின்விசிறி போடச் சொல்லுங்கள். திரும்பி வரும்போது அவருக்கு ஒரு பெட்டி அல்வா. கிளம்பும் முன் நான்கு சுவரையும் கூரையையும் ஒரு முறை வீடியோ எடுத்துவிடுங்கள்.